வாரத்துக்கு ஆறு பாக்கெட்

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"மறுபடியும் அந்தப் பழைய டப்பா எண்ணெயா? கடையில நின்னு தொண்டைத் தண்ணி வத்தப் பேசுறேன். என் வீட்டு அடுப்புலயே இதுவா?"

"காடு எங்கயோ இருக்கு. அடுப்பு இங்க இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க."

"நீயே தின்னு!"

சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய்ப் பிரிவு என் பொறுப்பு. காட்டை அழிக்காத தோட்டங்களின் பாமாயில், பச்சை முத்திரையோடு புதிதாக வந்திருந்தது. முதலாளியிடம் மன்றாடி அதை வாங்க வைத்தவன் நான்தான்.

"வாரத்துக்கு ஆறு பாக்கெட்டாவது போகணும். இல்லேன்னா எடுத்துடுவேன்" என்றிருந்தார்.

வாங்க வந்தவர்களோ உயிரை எடுத்தார்கள்.

"முத்திரை இருந்தா மொறுமொறுன்னு வருமா?"

"இல்லம்மா, இது காட்டை அழிக்காம..."

"அப்போ குரங்குக்குத்தான் லாபம். எனக்கென்ன?"

வழக்கமான பாக்கெட்டையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனாலும் வாராவாரம் வியாழக்கிழமை நான் கிடங்குக்குப் போய்த் திரும்பினால், சரியாக ஆறு பாக்கெட் போயிருக்கும்.

"ஊர்ல ஆறு பேருக்காவது மனசாட்சி இருக்குடி. உனக்குத்தான் இல்ல" என்பேன்.

"இருக்கட்டும்" என்பாள், திரும்பிப் பார்க்காமல்.

நான் கத்திவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிய அன்று மதியம் அவளுக்கு நெஞ்சுவலி. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனேன். பச்சை முத்திரை இருந்த தட்டில் வேறு எண்ணெய்.

"எடுத்துட்டேன்யா. மூணு வாரமா ஒண்ணுகூடப் போகலை" என்றார் முதலாளி.

"அதெப்படி? அந்த ஆறு பேரும் எங்க போனாங்க? என் வீட்ல சாவு விழுந்தா, அவங்க சமைக்கிறதை நிறுத்திட்டாங்களா?"

பில் போடும் பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஆறு பேர் இல்லண்ணே. அண்ணி ஒருத்தங்கதான். பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து வாங்கிட்டுப் போவாங்க."

"என் வீட்ல ஒரு பாக்கெட்கூட நான் பார்த்ததில்லையே?"

"பழைய டப்பாவுல ஊத்திட்டு, கவரைத் தூக்கிப் போட்டுடுவாங்களாம். 'யாரோ வாங்குறாங்கன்னு சந்தோஷமா இருக்காரு, நான்தான்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. சொல்லிடாத'ன்னாங்கண்ணே."

பதினோரு வருடமாகிறது. அந்த டப்பாவில் இன்னும் கால்வாசி எண்ணெய் இருக்கிறது.