போஸ்டர் அக்கா

“மறுபடியும் போஸ்டரா?”

குரல் கேட்டதும் அவள் திடுக்கிட்டாள். டீம் லீட் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதையே கவனிக்காமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, உக்காந்துகிட்டே தூக்கமா?”

“இல்ல சார். கண்ணைச் சுருக்கினா எல்லாம் மங்கிடும். அப்படி மங்கினப்புறமும் எது பளிச்சுன்னு தெரியுதோ, அதுதான் முக்கியமான பட்டனா இருக்கணும். ஒரு வீடியோல சொல்லிக் கொடுத்தாங்க.”

“சரிதான். வீடியோ பார்த்து நீச்சல் கத்துக்கிட்டவனைக் கிணத்துல தள்ளின கதை!”

பக்கத்து மேஜைகளில் சிரிப்பு. கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, நல்ல நல்ல ஆப்களின் திரைகளை அப்படியே பார்த்து வரைந்து வரைந்து, தானாகவே டிசைன் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருந்தாள். வந்த புதிதில் எல்லோரும் மெச்சினார்கள். இப்போது, சுவர் போஸ்டர் மாதிரிப் பெரிய பெரிய எழுத்தாகப் போடுவதால், அவளுக்கு ஆபீஸ் வைத்திருக்கும் பெயர் ‘போஸ்டர் அக்கா’.

டீம் லீட் ஒரு காகிதத்தை அவள் முன்னால் நீட்டினார். “முதல் வாரம் நீங்க போட்ட ஸ்க்ரீன். எழுத்து பூ மாதிரி இருக்கு. இளஞ்சாம்பல் கலர், மெல்லிசு கோடு. இதை வரைஞ்சது நீங்கதானே?”

அவள் காகிதத்தைப் பார்க்காமலே தலையாட்டினாள்.

“எல்லாருக்கும் நாளாக ஆகத் திறமை வளரும். உங்களுக்கு எழுத்துதாம்மா வளருது! இன்னியோட உங்க ப்ரொபேஷன் முடியுது. நான் என்னன்னு எழுதி அனுப்பறது, நீங்களே சொல்லுங்க.”

காலையில் கிளம்பும்போது கணவன் வாசல் வரை வந்து சொன்னது அவள் காதிலேயே நின்றது. ‘வேலை நிரந்தரமானாதான் இன்ஷூரன்ஸ். அது வந்தாதான் ஆபரேஷன். இனியும் தள்ளிப்போட்டா எங்க கையில ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார், மறந்துடாதே.’ அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு, வீட்டில் இவள் ஒருத்தி சம்பளம்தான்.

“சார், கிளையன்ட்கிட்ட என்னோடதையும் காட்டுங்க சார். ஒரே ஒரு தடவை. அவரும் வேணாம்னா நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்.”

காலில் விழாத குறை. டீம் லீட் பெருமூச்சு விட்டார். “காட்டித் தொலைக்கிறேன். மானம் போனா ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போகட்டும்.”

கிளையன்ட் ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் முதலாளி. ஒரு காலத்தில் தானே வண்டி ஓட்டியவர். அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடும் ஆப் அவருக்கு வேண்டும்.

டீம் லீட் தன்னுடைய டிசைனை முதலில் காட்டினார். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய எழுத்தும் குட்டிக் குட்டிப் படங்களுமாக, கண்ணாடிக் கடை மாதிரி இருந்தது அது. முதலாளி “ம்” என்றார்.

டீம் லீட் அடுத்த போனைத் தயங்கித் தயங்கி நீட்டினார். திரை முழுக்க ஒரே ஒரு சிவப்புப் பட்டன். அதன் மேல் கட்டைக் கட்டையாக வெள்ளை எழுத்து: ‘வண்டி வேணும்’.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு போனையும் மேஜையில் நிறுத்திவைத்துவிட்டு, கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தார். நாற்காலிக்கு வந்து உட்கார வெகு நேரம் ஆனது.

“என் வீட்டுக்காரி மயங்கி விழுந்தப்போ என் போன்ல எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. கை உதறுது, கண்ணுல தண்ணி முட்டுது. என் சொந்த வண்டியை என்னாலயே கூப்பிட முடியல.” சிவப்புப் பட்டன் மேல் விரலை வைத்தார். “இந்த ஸ்க்ரீன் அன்னிக்கு இருந்திருந்தா அவ இருந்திருப்பா. இதை யாரு போட்டாங்களோ, அவங்களே மிச்ச வேலை அத்தனையும் பார்க்கட்டும்.”

முதலாளி போனதும் டீம் லீட் நேராக மேலாளர் அறைக்குப் போய், கையில் வேலை நிரந்தர ஆர்டரோடு திரும்பி வந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

“மன்னிச்சுக்கோங்கம்மா. இப்பத்தான் புரியுது. நாங்கல்லாம் அழகாத் தெரியணும்னு வரைஞ்சோம். நீங்க, கண்ணு தெரியாத நேரத்துலயும் தெரியணும்னு வாரா வாரம் எழுத்தைப் பெருசாக்கிட்டே போயிருக்கீங்க. எந்த வீடியோல கத்துக்கிட்டீங்க இதை?”

அவள் கண்கள் நிறைந்திருந்தன.

“போஸ்டர் அக்கா, ட்ரீட் எப்போ?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“சும்மா இருடா!” டீம் லீட் ஆர்டரை அவள் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து கொடுத்தார். “இன்ஷூரன்ஸ் பத்தி விசாரிச்சீங்களாமே. கையெழுத்துப் போட்ட நிமிஷத்துலேர்ந்து உண்டு. ஆமா, யாருக்கு ஆபரேஷன்? மாமியாருக்கா?”

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். கண்ணைச் சுருக்கினாள், இன்னும் சுருக்கினாள். இடது உள்ளங்கையால் காகிதத்தை மேலிருந்து கீழே ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

“கையெழுத்து எங்கே போடணும்னு என் விரலைப் பிடிச்சு வைங்க சார்.”