கல்யாணத்துக்கு ஆகாத லென்ஸ்

"கல்யாணத்துக்கு இந்த லென்ஸ் ஆகாதுலா அண்ணே. ஓரத்துல நிக்கிறவங்க மூஞ்சியெல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிடும். அப்புறம் உங்க சொந்தக்காரங்க என்னையத்தான் ஏசுவாங்க."

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய தெருவில் கேமரா கடை வைத்திருக்கும் அப்துல் கையூம், சொன்னதையே மறுபடியும் சொன்னார்.

எதிரே உட்கார்ந்திருந்த மருதப்பன் அசைந்து கொடுக்கவில்லை. "மூஞ்சி இழுத்துக்கிட்டுப் போனா போகட்டும் பாய். எவ்வளவு அகலம் கிடைக்குமோ அவ்வளவும் எனக்கு வேணும்."

கையூமுக்கு ஏற்கெனவே இந்த மனிதர் மேல் எரிச்சல். கடைக்குள் நுழையும்போதே வாசலோரம் நிறுத்தியிருந்த கேமரா ஸ்டாண்டை இடித்துத் தள்ளினார். சரி, 'சாரி' என்றாவது சொன்னார். ஆனால், பக்கத்தில் போய் நின்று கையூம் நீட்டிய கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்ன மண்டைக்கனம் இது. கூட வந்த மனைவி ரஞ்சிதம்தான் சங்கடமாகச் சிரித்து வைத்தார்.

"மக கல்யாணம்னு சொல்றீங்க. போட்டோகிராபர் புக் பண்ணலையா?"

"பண்ணியாச்சு. வீடியோவுக்கும் தனியா ஆள் வருது."

"அப்புறம் உங்களுக்கு எதுக்குண்ணே கேமரா? நீங்க பொண்ணோட அப்பா. மணவறையில உட்கார்ந்து தாரை வார்க்கணும். கையில இதைப் புடிச்சுக்கிட்டு இருந்தா ஐயர் சும்மா விடுவாரா?"

"ஐயர்கிட்ட பேசிட்டேன். தாரை வார்த்து முடிச்சதும் தாராளமா எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டாரு." மருதப்பன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நான் பொண்ணு பக்கத்துலயே இருப்பேன். எழுந்து பின்னால போக முடியாது. தாலி கட்டறப்ப அங்கேயிருந்தே என் மக ரக்ஷனா, மாப்பிள்ளை, இவ, சம்பந்தி, சுத்தி நிக்கிற ஜனம் எல்லாரும் ஒண்ணா வரணும். ஒருத்தர் விட்டுப்போகக் கூடாது. அதுக்கு ஏத்த லென்ஸ் கிடைக்காம நான் ஈசூன் வீட்டுக்கு எம்ஆர்டி ரயில் ஏற மாட்டேன்."

"அவரு அப்படித்தான் பாய்," என்றார் ரஞ்சிதம். "பஸ் ஓட்டின காலத்துல இருந்தே புடிச்ச புடியை விட மாட்டாரு."

"இப்ப ஓட்டலையாக்கா?"

"இல்ல. டிப்போ ஆபீஸ்ல உட்கார வச்சுட்டாங்க. போன் எடுக்கறாரு."

ஆபீஸ் வேலை கிடைத்த மிதப்புதான் இதெல்லாம் என்று கையூம் மனதுக்குள் முடிவு கட்டினார்.

"போன்லயே இப்ப அகலமா எடுக்கற வைடு லென்ஸ் இருக்கேண்ணே?"

"போட்டுப் பார்த்தாச்சு. கோயில் மண்டபத்துல வெளிச்சம் கம்மி, மங்கலா இருக்கு. எனக்குப் பளிச்சுன்னு தெரியணும்."

இனிப் பேசிப் பயனில்லை. கையூம் ஒரு கேமராவில் லென்ஸை மாட்டி, இருவரையும் கடை வாசலுக்குக் கூட்டிப் போனார். மாலை நேரம். ரோட்டில் கூட்டம் முட்டி மோதியது. ரஞ்சிதம், யாரும் சொல்லாமலே, பக்கத்துப் பூக்கடைப் பந்தலின் ஓரத்தில் போய் நின்று கையைத் தூக்கினார்.

மருதப்பன் கேமராவைக் கண்ணில் வைக்கவில்லை. கையை முழுக்க நீட்டிப் பிடித்து, பின்பக்கத் திரையைப் பார்த்தார்.

"கண்ணோட ஒட்டி வைங்கண்ணே. இப்படிப் புடிச்சா ஆடும், படம் கெட்டுப்போயிடும்."

"ஆடட்டும். லென்ஸ் பத்தல. வேற போடுங்க."

"பெரிய திரை வச்ச கேமரா இருக்கு, அதைத் தரட்டுமா?"

"வேணாம். இந்தச் சின்னதே நல்லாயிருக்கு."

பெரியது வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளரைக் கையூம் இதுவரை கண்டதில்லை. அடுத்த லென்ஸை மாட்டினார்.

"இன்னும் பத்தல."

கடைசியாக, கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் இருந்த, கடையிலேயே அகலமான பதினாலு எம்எம் லென்ஸை எடுத்து வந்தார். முன்பக்கம் தவளைக் கண் மாதிரிப் புடைத்திருக்கும். கட்டடங்களைப் படம் எடுப்பவர்கள்தான் கேட்டு வருவார்கள்.

மருதப்பன் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஷட்டரை ஒரு தடவைகூட அமுக்கவில்லை.

"பஸ் ஸ்டாப்பு... மாலைக் கடை... மேல புறா... இந்தப் பக்கம் ஓரத்துல நீ. கையைத் தூக்கியிருக்கே."

ரஞ்சிதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையைத் தூக்கியதற்கு எதற்கு அழுகை என்று கையூமுக்கு விளங்கவில்லை.

"இதையே குடுங்க பாய்," என்றார் மருதப்பன். "எல்லாரும் வந்துடுவாங்க."

உள்ளே வந்ததும் கையூம் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினார். விற்ற சந்தோஷத்தில் எரிச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. மெமரி கார்டு ஒன்றையும் எடுத்து வைத்தார். "கார்டு நம்ம செலவு. பொண்ணுக்கு என் அன்பளிப்புன்னு வச்சுக்கங்க."

ரஞ்சிதம் அதை எடுத்து மேசையில் திருப்பி வைத்தார். "கார்டு வேணாம் பாய். வேஸ்ட்டா போயிடும்."

"கார்டு இல்லாம எப்படிக்கா படம் எடுப்பாரு?"

"படம் எடுக்கறதுக்கு இல்ல பாய்," என்றார் மருதப்பன். "எனக்கு ஓரப் பார்வை முழுக்கப் போயிடுச்சு. நடுவுல ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம், ஒரு நேரத்துல ஒரு மூஞ்சிதான் தெரியும். இந்தத் திரை அந்த வட்டத்துக்குள்ள அடங்கிடுது. என் பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போது எல்லாரையும் ஒண்ணாப் பார்த்துடணும், அவ்வளவுதான்."

கையூம் மேசையைச் சுற்றி வந்து மருதப்பனுக்கு நேர் எதிரே நின்று, அவர் முகத்துக்கு முன்னால் மறுபடியும் கையை நீட்டினார். இந்தத் தடவை மருதப்பன் உடனே பிடித்துக்கொண்டார்.