குண்டனுக்கு ஊட்டியது யார்?

"மறுபடியும் ஏறிட்டான்! நேத்தைவிட முக்கால் கிலோ கூட!"

குளியலறைப் பக்கமிருந்து மாப்பிள்ளையின் சத்தம் கேட்டதும், மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். அடுத்த கேள்வி தன் பக்கம்தான் திரும்பும் என்று அவருக்குத் தெரியும்.

"மாமா, மறைக்காம சொல்லுங்க. நேத்து நான் ஆபீஸ் விருந்துக்குப் போயிருந்தப்ப இவனுக்கு என்ன போட்டீங்க?"

"சத்தியமா அந்த அரைக் கிண்ணம்தான் மாப்பிள்ளை. அதையும் நக்கி முடிச்சுட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்."

'இவன்' என்பது அந்த வீட்டு நாய். அதற்கு ஒழுங்காக ஒரு பெயர் இருந்தது. எடை மிஷின் வாங்கி வந்த அன்றே மாப்பிள்ளை அதைக் 'குண்டன்' ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து நாய்க்கு அரைச் சாப்பாடு, மாமனாருக்கு முழு விசாரணை.

எடை பார்ப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. அந்தச் சின்ன மிஷினில் நிற்க வைத்தால் குண்டன் நாலு காலையும் நாலு திசைக்கு வைக்கும். அதனால் மாப்பிள்ளை அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறுவார். குனிந்து எண்ணைப் படிப்பது மாமனாருடைய மகளின் வேலை, ஏனென்றால் அவருக்கு நாய் மறைக்கும். அவள் சொல்லும் எண்ணில் தன்னுடைய எழுபத்திரண்டைக் கழித்துவிட்டு, மீதியை நினைத்துப் பல்லைக் கடிப்பார். அவர் ஆடிட்டர். ஊரார் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பிழைப்பு.

"என்னங்க, எடைன்னா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்" என்றாள் மகள். "உப்பு ஜாஸ்தியா சாப்பிட்டா உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். லேட்டா சாப்பிட்டா மறுநாள் காலையிலயும் அது வயித்துலதான் இருக்கும். தினம் தினம் பாத்து மண்டையை உடைச்சுக்காதீங்க. ஒரு வாரத்துக்குச் சராசரி பாருங்க, அது ஏறுதா இறங்குதான்னு மட்டும் கவனிச்சா போதும்."

"சராசரியும்தான் ஏறுது! உப்பு, தண்ணியெல்லாம் மனுஷங்களுக்கு. இவன் என்ன சிப்ஸ் பாக்கெட்டா காலி பண்றான்?" மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "நான் வெளியில சாப்பிடப் போனா, மறுநாள் காலையில இவன் எடை ஏறுது. காய்ச்சல்னு நான் வீட்டுல படுத்திருந்தப்ப மட்டும் இறங்குச்சு. இதுக்கு என்ன அர்த்தம்? நான் இல்லாத நேரம் பாத்து யாரோ ஊட்டுறாங்க."

மாமனாருக்குச் சுருக்கென்றது. பலமுறை கை அரித்தது உண்மைதான். மேசைக்குக் கீழே அந்த மூக்கு வந்து முழங்காலில் இடிக்கும்போதெல்லாம் தட்டிலிருந்து ஒரு வாயாவது எடுத்துப் போட்டுவிடலாமா என்று தவித்திருக்கிறார். ஆனால் போடமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்.

"தடவிப் பாத்தா விலா எலும்பு கையில தட்டுப்படுது மாப்பிள்ளை."

"மிஷின் பொய் சொல்லாது மாமா. இன்னிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், நீங்களும் வாங்க. இவன் உடம்புல நோய் ஒண்ணும் இல்லைன்னு அவங்க சொல்லிட்டா, கோளாறு வீட்டுலதான் இருக்குன்னு அர்த்தம்."

மாமனார் உள்ளே போய் ரெண்டு சட்டையையும் மாத்திரை டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். திருடன் பட்டம் வாங்கிக்கொண்டு இந்த வீட்டில் இருக்க முடியாது, நேராக மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். மகன் வீட்டில் படிக்கட்டு அதிகம், பேச்சு குறைவு. பையைப் பார்த்ததும் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாய் ஆஸ்பத்திரியில் மூவரும் சுற்றி நிற்க, டாக்டரம்மா குண்டனின் பல்லைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"நோய் ஒண்ணும் இல்லையே."

"கேட்டீங்களா மாமா?" என்று மாப்பிள்ளை வெற்றியோடு திரும்பினார். மாமனாரின் கை பையின் பிடியை இறுக்கியது. "டாக்டர், இவரு கண்ணு முன்னாடியே இவன் எடையையும் பாத்துச் சொல்லிடுங்க."

அங்கே இருந்த மிஷின் தரையோடு தரையாக, பாய் மாதிரி அகலமாக இருந்தது. குண்டன் தானாகவே போய் அதில் நின்றது. எண்ணைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"பதிமூணுதான் இருக்கான். இந்த வகை நாய் பதினாறு கிலோவாவது இருக்கணும். யாரு சார் இவனைப் பட்டினி போடுறது?"

"பதிமூணா? இருக்காது டாக்டர்! காலையிலதானே வீட்டுல இருபத்தொண்ணு வந்துச்சு!"

"வீட்டுல எப்படிப் பாத்தீங்க?"

"இவனைத் தூக்கிக்கிட்டு நான் ஏறி நிப்பேன். வர்றதுல என் எடை எழுபத்திரண்டைக் கழிச்சுடுவேன். நான் ஆடிட்டர் டாக்டர், கழித்தல்ல தப்பு வராது."

"கழித்தல் சரிதான். அந்த எழுபத்திரண்டு எப்போ பாத்தது?"

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் சட்டையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நடுப் பொத்தானை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அவன் இறங்கட்டும் சார். நீங்க ஏறுங்க."