ஐம்பத்தோரு அடி

"இன்னா சார், சின்னப் பலகைன்னா மட்டும் கடப்பாரை ஓடி வருதா?"

செங்கம்மாள் தன் சாப்பாட்டுக் கடைப் பலகையின் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து வந்திருந்த எக்ஸ்டென்ஷன் ஆபீசர் ஆதிநாராயணன் குடையை மடக்கி ஜீப்பில் சாய்த்தார். காலையிலிருந்து கல்கத்தா ரோட்டில் அலைந்து ஒன்பது பலகைகளைப் பிடுங்கியாகிவிட்டது. பஞ்சர் கடை, சோடாக் கடை, விறகுத் தொட்டி. யாரும் இவ்வளவு பேசவில்லை.

"ஏம்மா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ரோட்டு ஓரத்திலேர்ந்து ஐம்பது அடிக்குள்ள விளம்பரப் பலகை இருக்கக் கூடாது. டிரைவருங்க அதைப் படிச்சுக்கிட்டே மாட்டு மேல ஏத்திடறாங்கன்னு பொதுமக்களே கலெக்டருக்கு மனு போட்டிருக்காங்க. தொண்ணூறு பேர் கைநாட்டு."

அந்த மனுவை அவர் மூன்று முறை படித்திருந்தார். பதினெட்டு வருஷ சர்வீசில், எனக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று வந்த மனுக்களைத்தான் பார்த்திருக்கிறார். ஊர் பேர் தெரியாத மாடுகளுக்கும் டிரைவர்களுக்கும் இரங்கி ஒரு மனு வந்தது இதுதான் முதல் தடவை.

"எல்லாருக்கும் ஒண்ணுன்னா எதிர்ல நிக்கிறது இன்னா, பனமரமா?"

எதிரே இரண்டு இரும்புத் தூண்களின்மேல், ஒரு லாரி நீளத்துக்கு, துளசிராமனின் ஓட்டல் பலகை நின்றது. அதில் ஆளுயர மீன் ஒன்று தட்டில் படுத்தபடி சிரித்தது. துளசிராமன் யூனியன் சேர்மனுக்கு மச்சான்.

ஆதிநாராயணன் ரிஜிஸ்டரைப் பார்ப்பதுபோல் குனிந்தார். "அது ஐம்பத்தோரு அடியில இருக்கு. அளந்தாச்சு."

"எப்போ அளந்தீங்கோ?"

அளந்தது நேற்று, சேர்மன் வீட்டுக் கூடத்தில். சேர்மன் ஊஞ்சலில் ஆடியபடி சொன்னார். இவர் நின்றபடி எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, "ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு இடம் காலியாம். ஆள் தேடிக்கினு இருக்காங்களாம்" என்று சேர்மன் பொதுவாகத்தான் சொன்னார்.

"டேப்பு கையிலதான கீது. இன்னொரு தபா அளங்க. ஐம்பத்தோரு அடி இருந்தா, என் பலகைய நானே புடுங்கி அடுப்புல வெச்சிடறேன். புருஷன் போனவ, கேக்க நாதி இல்ல. அதான சார்?"

இரண்டு லாரிகள் வேகம் குறைத்து நின்றன. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வந்த மீன்காரிகள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "அளக்க மாட்டாரு பாரு" என்று மெதுவாகச் சொன்னாள்.

அது ஆதிநாராயணன் காதில் நன்றாக விழுந்தது. அவர் கடப்பாரை ஆட்களில் ஒருவன் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். தானே குனிந்து அளந்தார். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் பன்னிரண்டு அடிக்கு மேல் வரவில்லை.

பிறகு ரிஜிஸ்டரில் ஐம்பத்தொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார்.

"புடுங்குங்கப்பா."

ஆட்கள் அசையவில்லை. "சார், இது சேர்மன் மச்சான் போர்டு சார்."

"தெரியும். கையெழுத்து என்னுது. புடுங்குங்க."

ஒரு மணி நேரம் ஆயிற்று. மீன் குப்புற விழுந்தது. செங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கம்பத்தை விட்டு விலகினாள்.

"என்னுதையும் எடுத்துக்கோங்க சார். நாயம்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவள் பலகை ஒரே இழுப்பில் கையோடு வந்தது. ஆதிநாராயணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. ஆர்.கே.பேட்டை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, போகுமுன் அந்த ஏழையை ஒரு முறை பார்த்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மத்தியானம் சைக்கிளில் வந்தார். வழியில் துளசிராமன் ஓட்டலில் சாப்பிட ஆளில்லாமல் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன.

செங்கம்மாளின் கடை, அங்கிருந்து அரை மைல் தள்ளி, செக்போஸ்ட் கட்டையை ஒட்டியே இருந்தது. சீல் வாங்க வரிசையில் நின்ற லாரிகளின் டிரைவர்கள், பெஞ்சில் இடமில்லாமல் இலையைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அவரைக் கண்டதும் அவள் ஒருவனை எழுப்பிவிட்டு இடம் போட்டாள். மடவை மீன் குழம்பை நிறைய ஊற்றினாள்.

"சாப்டுங்க சார். மாத்திட்டாங்களாமே."

"அது போகட்டும்மா. உன் பலகை போயிடுச்சேன்னுதான் எனக்கு மனசு ஆறலை. யூனியன் கமிஷனர்கிட்ட சொல்லி, உனக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கித் தரட்டுமா?"

செங்கம்மாள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கம் குனிந்தாள்.

"ஐய, வாணா சார். கட்டையாண்ட கட போட்டவளுக்குப் பலக இன்னாத்துக்கு? லாரி இங்க நின்னுதான ஆவணும். அந்தாளு பலகையப் பாத்துட்டு அங்கியே துன்னுட்டு வந்தானுங்க, அதான் பேஜாரு. தொண்ணூறு கைநாட்டுக்கு நாலு மாசம் குப்பம் குப்பமா அலஞ்சேன் சார்."

ஆதிநாராயணனின் கை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

"அப்ப... உன் பலகை?"

"அது உத்தரவு வந்துட்ச்சின்னு கேள்விப்பட்டப்பறம் நட்டது சார். ரோட்ல என்னுதுன்னு ஒண்ணு இருந்தாத்தான, 'அத மொதல்ல புடுங்கு'ன்னு உங்களாண்ட சண்ட போட முடியும்?"