கம்ப்யூட்டர் சொன்ன பெயர்

பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த பல்கலைக்கழக ஆய்வாளர் றுஷ்தி, ஷிஹானா டீச்சரிடம் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னார்.

"லக்ஷிகா. ஓ.எல். சோதனை எழுத முந்தியே படிப்ப விட்டுருவான்னு கம்ப்யூட்டர் சொல்லுது டீச்சர்."

வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை அவள். பதறிப்போன டீச்சர் அன்று பின்னேரமே நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறிப்போய், லக்ஷிகாவின் அப்பா அந்தோனிப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னார்.

"கம்ப்யூட்டரா அப்பிடிச் சொல்லுச்சு?"

"ஓம். பெரிய ஆராய்ச்சி. பிள்ளையக் கவனமாப் பாத்துக்கோங்க."

அடுத்த வாரம் லக்ஷிகா வகுப்புக்கு வரவில்லை. டீச்சர் மறுபடியும் லயத்துக்குப் போனார்.

"கொழும்புல துணிக்கடை வேலைக்கு அனுப்பிட்டோங்க டீச்சர்," என்றார் அந்தோனிப்பிள்ளை. "எப்பிடியும் படிப்ப விடத்தான் போறான்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. தேடி வந்த வேலைய ஏன் விடணும்னுதான்..."

வாசலிலேயே நின்று றுஷ்திக்குப் போன் எடுத்தார் டீச்சர்.

"உங்கட கம்ப்யூட்டர் சொன்னது அப்பிடியே நடந்திட்டு."

மறுமுனையில் றுஷ்தி குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர்... கம்ப்யூட்டர் ஒண்டுமே சொல்லல்ல. அது நாங்க சீட்டுக் குலுக்கி எடுத்த பேரு. கம்ப்யூட்டர் சொல்லுதுன்னா டீச்சர்மார் எவ்வளவு நம்புறாங்க என்றதுதான் எங்கட ஆய்வு."

டீச்சர் போனைக் காதிலிருந்து இறக்கினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தோனிப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்க சின்னவளப் பத்தியும் கம்ப்யூட்டர் ஏதாச்சும் சொல்லுதாங்க டீச்சர்?"