சாவியை வைக்கும் கை

பகல் பதினோரு மணிக்கும் எடிட்டிங் அறையில் இருட்டு. வெளிச்சம் திரையிலிருந்து மட்டுமே வருகிறது. இயக்குநருக்கு இது முதல் படம். வீட்டைவிட்டுப் போன தன் அப்பாவைப் பற்றியது. ஆறு நாள் உயிரைக் கொடுத்து எடுத்த ரயில் நிலையக் கூட்டக் காட்சியில்தான் படம் தொடங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எடிட்டரம்மா அசைந்து கொடுக்கவில்லை. "அத்தனை கூட்டத்துல யாரை சார் பார்க்கிறது? இதைப் பாருங்க" என்று வேறொரு துண்டை ஓடவிடுகிறார். விடிகாலையின் சாம்பல் வெளிச்சம். செருப்பைக் கையில் பிடித்திருக்கும் ஒருவர், வாசல் அலமாரியின் மேல் வீட்டுச் சாவியை வைக்கிறார். சத்தம் வந்துவிடாதபடி ஒவ்வொரு விரலாக எடுக்கிறார். முகம் தெரியவில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது.

சாப்பாட்டுப் பையோடு வந்த இயக்குநரின் அக்கா வாசலிலேயே நிற்கிறார். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இதை யாருடா உனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. காலையில எழுந்தப்ப சாவி அங்க இருந்துச்சு. மிச்சத்தை நானா எழுதினேன்."

அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் அப்ப முழிச்சுதான்டா இருந்தேன். கூப்பிட்டிருந்தா நின்னிருப்பாரு."

முப்பது வருடத்தில் அக்கா இதைச் சொன்னதே இல்லை. இயக்குநர் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்துகிறார். அக்கா உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிக்கொள்கிறார்.

"மேல போடும்மா" என்கிறார் எடிட்டரிடம். "அப்புறம் என்ன ஆச்சுன்னு பார்ப்போம்."