மேடையின் உயரம்

சேலையூரில் லாசரஸின் வீட்டுப் புதிய சமையல் மேடையில் இன்று முதன்முதலாகப் பால் காய்கிறது. அடுப்பின் முன் நிற்கும் ரத்தினபாய், கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்த நாள் முதல் பதினெட்டு ஆண்டுகளாகத் தரையில் அமர்ந்தே இக்குடும்பத்துக்குச் சமைத்தவள். "உன் முழங்காலுக்காகத்தான் மேடை கட்டுறேன், அக்கா" என்று லாசரஸ் சொல்லியிருந்தான். சன்னல் வழியே விழும் காலை வெயில் கரிய கடப்பைக் கல்லில் ஈரம்போல் மின்னுகிறது. அக்கல் அவளுடைய மார்பைத் தொடுகிறது. அடுப்பின் மீதுள்ள பாத்திரத்துக்குள் அவளால் எட்டிப் பார்க்க இயலவில்லை.

"என்னப்பா குப்புராஜ், அளவு தப்பாயிடுச்சா?" என்று கொத்தனாரிடம் பரிவோடு கேட்கிறாள். "தப்பு இன்னாக்கா கீது? சார் சம்சாரத்த நிக்க வெச்சுதான் அளந்தேன். உன்ன கூப்பிட வாணாம்னு சாரே சொன்னாரு" என்கிறான் அவன். லாசரஸ் தன் சட்டைப் பொத்தானைத் திருகுகிறான். "இனிமே ஜெயசீலி பார்த்துக்குவா. நீ ரெஸ்ட் எடுத்துக்கோக்கா." "ரெஸ்ட் வேணும்னு நான் கேட்டேனா, லாசரஸ்?" பால் பொங்கும் ஓசை எழுகிறது. ரத்தினபாய் குதிகால்களை உயர்த்துகிறாள். அதற்குள் பின்னால் வந்த தம்பி மனைவி ஜெயசீலி, அவளது தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, எவ்வித முயற்சியுமின்றி அடுப்பை அணைக்கிறாள்.